செல்லாத எண்

வடிவம்மையின் மடத்தில் அப்போது ஏழு சீடர்கள் இருந்தார்கள். ஆறு பேர் மனநிம்மதி தேடி வந்தவர்கள். ஏழாமவர் பூதலிங்கம். முப்பத்தைந்து வருஷம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்று, குருவைவிடப் பதினைந்து வயது மூத்தவராக வந்து சேர்ந்தவர். நிம்மதி அவருக்கு இன்னும் வாய்க்கவில்லை. மடத்துக் கம்ப்யூட்டர்தான் வாய்த்திருந்தது.

அன்று காலை முதல் அவருக்கும் அதற்கும் சண்டை.

கண் ஆபரேஷனுக்குப் போகிறவர்களின் பட்டியலை மடம்தான் அனுப்பும். பகல் பன்னிரண்டு மணிக்குள் ஆஸ்பத்திரியின் இணையதளத்தில் ஏற்றிவிட வேண்டும். தவறினால் அடுத்த முகாமுக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டியதுதான்.

பூதலிங்கம் பாஸ்வேர்டு கொடுத்தார். ஏற்றுக்கொண்டது. பிறகு, வந்திருப்பது நீங்கள்தானா என்று உறுதி செய்ய, மடத்துச் செல்போனில் தெரியும் ஆறு இலக்க எண்ணைக் கேட்டது. அரை நிமிஷத்துக்கு ஒருமுறை மாறுகிற எண் அது. பார்த்து, ஒவ்வொரு இலக்கமாக அடித்தார்.

'இந்த எண் செல்லாது, அல்லது காலாவதியாகிவிட்டது.'

"நேரத்துக்குத்தானவே போட்டேன்!" என்று திரையைப் பார்த்துக் கத்தினார்.

வாசற்படியிலிருந்து ஒரு குரல் வந்தது. "நானும் நேரத்துக்குத்தான்யா வந்தேன்."

ஆவுடைத்தங்கம். பீடி சுற்றுகிறவள். இலை வெட்டக் கண் தெரியாமல் நாலு மாதமாக வேலையில்லாமல் இருக்கிறாள். காலையில் பேர் கொடுக்க வந்தவளிடம், ஒன்பது மணியோடு முடிந்துவிட்டது, அடுத்த முகாமுக்கு வா என்று சொல்லியாகிவிட்டது. அவள் போகிறதாக இல்லை. ஏற்கெனவே எரிச்சலில் இருக்கிற மனுஷனுக்கு இது வேறு.

"இந்தாம்மா, நீ வரும்போது மணி ஒம்பது அஞ்சு. அந்தா, சுவத்துல கெடியாரம் இருக்குல்லா? பாத்துத்தான சொன்னேன்? உனக்குத் தெரியலையா?"

"அது தெரிஞ்சா நான் எதுக்குய்யா இங்க வாரேன்? எட்டே முக்கால் பஸ்ஸுல வந்து இறங்குனேன். நேரா இங்கதான வந்தேன்."

"பஸ்ஸு லேட்டா வந்திருக்கும். பஸ்ஸு என்னைக்கு நேரத்துக்கு வந்திருக்கு?"

அவர் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். பிரவுசரை மாற்றிப் பார்த்தார். கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினார். அதிலிருந்து எறும்புதான் வந்தது. எண்ணை வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி அடித்தார். செல்லாது என்றது. எண் மாறியதும் அந்தக் கணமே அடித்தார். அதற்கும் செல்லாது என்றது. ஏழாவது தடவை, இன்னும் இரண்டு முறைதான் முயலலாம், அதன் பிறகு கணக்கு ஒருநாள் பூட்டப்படும் என்று சிவப்பில் எழுதிக் காட்டியது.

பூதலிங்கத்துக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது. செல்போனைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனார். வடிவம்மை தரையில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மை, எனக்கு ஒரு பதில் சொல்லணும். என் பேரைச் சொல்லிட்டேன், ரகசிய வார்த்தையைச் சொல்லிட்டேன், எண்ணையும் உள்ளது உள்ளபடி போட்டுட்டேன். இம்புட்டுச் சொன்ன பெறவும் ஒருத்தனை நம்ப மாட்டேன்னா, அவன் என்னதான் செய்யணும்?"

அம்மை வெண்டைக்காயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உலை வைக்கணும். மணி என்னய்யா ஆகுது?"

"நம்ம மணியா, ஊர் மணியா?"

அம்மை கத்தியைக் கீழே வைத்தாள்.

அந்த மடத்தில் இரண்டு மணி உண்டு. பூசைக்கு ஒருவரும் நேரத்துக்கு வருவதில்லை என்று, வந்த புதிதில் எல்லாக் கடிகாரங்களையும் பத்து நிமிஷம் முன்னால் தள்ளி வைத்தவர் பூதலிங்கம்தான். அது எல்லாருக்கும் தெரியும். பத்தைக் கழித்துக்கொண்டு பழையபடி தாமதமாகவே வந்தார்கள். ஆனாலும் அவர் திருத்தவில்லை.

"உங்க கையில இருக்க செல்லு எந்த மணி?" என்று அம்மை கேட்டாள்.

"நம்ம மணிதான். இது ஒண்ணுதான் ஒத்துவராம இருந்துச்சு. போன வெள்ளிக்கிழமை இதையும் மாத்திட்டேன்."

"ஆஸ்பத்திரிக்காரங்க?"

பூதலிங்கம் கையிலிருந்த செல்போனைப் பார்த்தார். நேரத்தை வைத்துத்தான் அந்த எண்ணே உண்டாகிறது என்று, கணக்கைத் தொடங்கிக் கொடுத்தவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். பத்து நிமிஷம் கழித்து வரவேண்டிய எண்ணைக் காலையிலிருந்து அவர் இப்போதே கொண்டுபோய் நீட்டிக்கொண்டிருக்கிறார்.

"என்னைச் செருப்பாலயே அடிக்கணும்" என்று சொல்லிக்கொண்டே ஓடினார்.

செல்போனின் நேரத்தை ஊர் மணிக்குத் திருத்தினார். புது எண்ணை அடித்தார். கதவு திறந்துகொண்டது. ஊர் மணிக்குப் பதினொன்று நாற்பது. அவருக்குச் சிரிப்பு வந்தது. இருபத்திரண்டு பேரையும் மளமளவென்று ஏற்றினார். அனுப்பு என்கிற இடத்துக்கு அம்புக்குறியைக் கொண்டுபோனார்.

"ஐயா, எம் பேரு?" ஆவுடைத்தங்கம் எழுந்து, நிலையைத் தடவிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவருக்கு மறுபடி சுருசுருவென்று ஏறியது. "திரும்பவும் முதல்லேர்ந்தா? ஒம்பது மணின்னு போர்டுல எழுதிப் போட்டிருக்கு. கெடியாரத்துல ஒம்பது அஞ்சு. ஒரு ஆளுக்கு விட்டுக்கொடுத்தா நாளைக்கு நூறு ஆளு வந்து நிப்பாங்க."

ஈரக்கையைத் துடைத்தபடி வடிவம்மை அறைக்குள் வந்தாள். அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"நீங்களே சொல்லுங்க அம்மை. நான் செய்யிறது நியாயந்தான?"

"அந்த மிஷின் உங்களைச் செல்லாதுன்னு சொன்னப்போ, நீங்க என்ன சொன்னீங்க?"

"நேரத்துக்குத்தான போட்டேன்னு சொன்னேன்."

"இந்த அக்காவும் காலையிலேர்ந்து அதைத்தான சொல்லுதாங்க."