வெள்ளிக்கிழமைச் சமையல்

"ஒழுங்கு வரமாட்டேங்குது அம்மை" என்றார் குற்றாலிங்கம்.

உலகம்மை கொத்தவரங்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"எதுல?"

"எழுத்துல."

சிற்றாற்றங்கரையில் இருந்த அந்தச் சின்ன மடத்துக்கு உலகம்மைதான் எல்லாம். குற்றாலிங்கத்தைவிட வயதில் பத்து வருடமாவது இளையவர். ஆனாலும் ஊரில் எல்லாருக்கும் அவர் அம்மைதான். கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லமாட்டார் என்று ஒரு பேர் உண்டு. அதற்காகவே வருகிறவர்களும் உண்டு.

"என்ன எழுதுவீங்க?"

"வலைப்பூ. இணையத்துல எனக்குன்னு ஒரு பக்கம்."

"பேரு நல்லா இருக்கே. அதுல என்ன போடுவீங்க?"

"சமையல். உப்பில்லாத சமையல்."

உலகம்மையின் கை நின்றது. "அதை யாரு சாப்பிடுவா?"

குற்றாலிங்கம் சொன்னார்.

மனைவி பிரமநாயகிக்குச் சிறுநீரகம் கெட்டபோது, டாக்டர் உப்பை விடச் சொன்னார். அவள் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டை ஒதுக்கினாள். அதுவரை அடுப்படியை எட்டிப் பார்க்காத மனுஷன் கரண்டியைப் பிடித்தார். காயை வேகவைத்துத் தண்ணீரை வடித்தார். சீரகத்தை வறுத்துப் பொடித்தார். மிளகையும் புளிப்பையும் வைத்து நாக்கை ஏமாற்றப் படித்தார். அவள் தட்டு காலியான அன்றெல்லாம் அந்தச் சமையலை எழுதி வைத்தார்.

'வெள்ளிதோறும் காலையில் ஒரு புதிய சமையல்.' பக்கத்தின் உச்சியில் அப்படித்தான் போட்டிருந்தார். அப்படித்தான் வந்துகொண்டும் இருந்தது.

போன வருடம் பிரமநாயகி போய்விட்டாள்.

"அப்புறம்?"

"அப்புறமும் எழுதுதேன். ஆனா ஒரு வாரம் வருது, மூணு வாரம் வரலை. திடீர்னு ஒரே நாள்ல ரெண்டு போடுதேன். தோணும்போதுதான் கை ஓடுது. தோணாம எழுதினா அது பொய்தானே அம்மை?"

உலகம்மை காயை முறத்தில் தள்ளினார்.

"வர்ற வெள்ளிக்கிழமை மத்தியானம் உங்க வீட்டுக்குச் சாப்பிட வாரேன் அண்ணாச்சி."

குற்றாலிங்கத்துக்குக் காதை நம்ப முடியவில்லை. அம்மை யார் வீட்டிலும் கை நனைத்ததில்லை.

"என்ன சமைக்கட்டும்?"

"அவங்களுக்குச் சமைச்சதை."

***

வெள்ளிக்கிழமை விடியும்போதே சந்தைக்குப் போய்ப் பிஞ்சுப் புடலங்காயாகப் பொறுக்கி வந்தார். ஒரு வருடமாகத் தொடாத சின்ன உருளியைத் தேய்த்துக் கழுவினார். சீரகம் வறுபட்ட வாசனை வந்ததும் கொஞ்ச நேரம் அடுப்பைப் பார்த்தபடி நின்றார்.

மத்தியானத்துக்கு முன்பே எல்லாம் தயார். இலையை நறுக்கித் துடைத்து வைத்தார்.

உலகம்மை வரவில்லை.

ஒவ்வொரு ஆட்டோ சத்தத்துக்கும் வாசலுக்குப் போனார். ஒருவேளை உடம்புக்கு ஆகவில்லையோ? போய்ப் பார்த்துவிட்டு வரலாம். போன நேரத்தில் வந்துவிட்டால்? செருப்பை மாட்டினார், கழற்றினார். அம்மையிடம் போனும் கிடையாது.

வெயில் சாய்ந்தது. கூட்டு ஆறி ஆடை கட்டியது. அவரும் சாப்பிடவில்லை.

மறுநாள் போய்க் கேட்டிருக்கலாம். ரோஷம் விடவில்லை. மடத்தில் சுகமாகத்தான் இருக்கிறார் என்று பால்காரர் சொன்னபோது அது இன்னும் ஏறியது.

அடுத்த வெள்ளிக்கிழமை, அம்மை வரப்போவதில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொல்லிக்கொண்டே ஒரு ஆழாக்கு அரிசி கூடப் போட்டார்.

அன்றும் வரவில்லை.

அதற்கப்புறம் ஒரு புதன்கிழமை, காலைப் பலகாரத்துக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் சேராத ஒரு நேரத்தில், உலகம்மை வாசலில் நின்றார்.

"பசிக்குது அண்ணாச்சி."

குற்றாலிங்கம் வழி விட்டார். முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒண்ணும் சமைக்கலை. ராத்திரிச் சோத்துல தண்ணி ஊத்தி வச்சிருக்கேன். அவ்வளவுதான்."

"அதுக்கென்ன."

இலை போட்டார். பிழிந்த சோற்றை வைத்து, பழக்கத்தில் உப்புப் போடாமலே மோரை ஊற்றினார். சின்ன வெங்காயம் நாலை உரித்து ஓரத்தில் வைத்தார். அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"வெள்ளிக்கிழமைன்னு சொன்னீங்களே அம்மை."

"அன்னைக்குத் தோணலை."

அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுச் சாப்பிடத் தொடங்கினார். கொஞ்சம் கழித்துக் கேட்டார்.

"அன்னைக்கு எப்படி இருந்துச்சு?"

"எது?"

"காத்துக்கிட்டு இருந்தது. எனக்குத் தெரியாதில்லையா, சொல்லுங்க."

கேலி இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற முகம்.

"முதல்ல பயம். உங்களுக்கு என்னமோ ஆயிருச்சுன்னு."

"அப்புறம்?"

"கோபம்."

"அப்புறம்?"

குற்றாலிங்கம் மோர்ச் செம்பைத் தரையில் வைத்தார். "இவங்களுக்கு நான் ஒரு பொருட்டே இல்லைன்னு."

உலகம்மை வெங்காயத்தைக் கடித்தார்.

"உங்க பக்கத்துக்கு யாரு வாராங்க அண்ணாச்சி?"

"அது யாருக்குத் தெரியும்."

"பார்க்க முடியாதா?"

"பேரு தெரியாது. எந்த ஊரு, எப்ப வந்தாங்கன்னு மட்டும் காட்டும்."

"காட்டுங்களேன்."

போனை எடுத்துத் திறந்தார். அந்தக் கணக்கை அவரே பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. அவர் ஒன்றும் போடாத கடைசி வெள்ளிக்கிழமைக்குப் போனார். அங்கே வெறுமையாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தார்.

காரைக்கால். விடிகாலை.

மறுபடியும் காரைக்கால், காய்கறி வாங்கப் போகிற நேரம்.

மறுபடியும், உலை வைக்கிற நேரம்.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமைக்குப் போனார். அதற்கும் முந்தினதற்குப் போனார். விரல் தள்ளிக்கொண்டே போயிற்று.

"யாரு அது?" என்றார் உலகம்மை.

"தெரியலை."

"அவங்க வீட்டுல யாருக்கு உடம்பு சரியில்லையோ?"

குற்றாலிங்கம் போனையே பார்த்தார். போன் திரை அணைந்தது. மறுபடி தொட்டார்.

யாரிடமோ கேட்பதுபோல் கேட்டார்.

"நாளன்னைக்கு வெள்ளிக்கிழமை. மனசுல ஒண்ணுமே இல்லையே அம்மை. என்னத்தைப் போட?"

உலகம்மை இலையில் கடைசிப் பருக்கையையும் வழித்துச் சாப்பிட்டார்.

"இப்ப எனக்கு என்ன போட்டீங்க?"

"பழைய சோறு."

"நல்லா இருந்துச்சு" என்று இலையை மடித்தார்.