வக்கீலுக்குப் பாதிச் செக்

லாரி ஏறி வலது காலை இழந்த சுமைதூக்கி இருளப்பனுக்கு எட்டு லட்சம் நஷ்டஈடு தீர்ப்பானது. கோர்ட்டு வாசலிலேயே, அவனுக்காக வாதாடிய வக்கீல் தணிகாசலம் அவனை மடக்கினார்.

"பாதி எனக்கு. இல்லேன்னா பணம் வாங்குற மனுவில கையெழுத்துப் போடமாட்டேன்."

"அதுக்கென்னங்க, தாராளமா" என்ற இருளப்பன், ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு நீதிபதி முன் போய் நின்றான்.

"அம்மா, பாதி வக்கீலய்யாவுக்காம். அவர் பேருக்கே தனியா ஒரு செக் போட்டுடுங்க."

நீதிபதி நிமிர்ந்து, பின்னாலேயே வந்து நின்ற தணிகாசலத்தைப் பார்த்தார். "நஷ்டஈட்டுல வக்கீல் பங்கு கேட்கக்கூடாதே! கேட்டீங்களா?"

தணிகாசலம் கையெடுத்துக் கும்பிட்டார். "ஐயோ, ஒரு பைசா வேண்டாம்மா!"

முழுத்தொகையும் இருளப்பனுக்கே உத்தரவானது. பணம் கைக்கு வருமுன் இன்சூரன்ஸ் கம்பெனி மேல்முறையீட்டில் தடை வாங்கியது. அதை எதிர்த்து வாதாட வேறு வக்கீல் தேடி, ஒற்றைக்காலோடு ஒவ்வொரு வக்கீல் வீட்டுப் படியாக ஏறினான் இருளப்பன்.

"அந்தப் பாதிச் செக் ஆள் நீதானே?" என்று சிரித்துவிட்டு, ஒவ்வொருவரும் கதவைச் சாத்தினார்கள்.