தொடாத போனில் வந்த தமிழ்

சோழிங்கநல்லூர்க் கம்பெனி ஒன்றில் மேனேஜர் ரங்கபாஷ்யம் வைத்ததுதான் சட்டம். அவருக்குக் கீழே மொபைல் செயலிகளைச் சோதிக்கும் வேலை செண்பகவல்லிக்கு. கோவில்பட்டியில் கணவரோடு இருக்கும் ஏழு வயது மகளை அவள் பார்த்து ஐந்து மாதமாகிறது. பொங்கலுக்கு லீவு கேட்டாள்.

"போங்க. அதுக்கு முன்னாடி இந்த மெசேஜ் செயலியில தமிழ் எழுதிக் காட்டுங்க. போனை யாரும் தொடக்கூடாது, புரோகிராமே எழுதணும்" என்றார். புரோகிராமின் கட்டளைக்கு ஆங்கில எழுத்து மட்டுந்தான் தட்டத் தெரியும். அது தெரிந்துதான் கேட்டார்.

சாயங்காலம் எல்லோரும் பார்க்க, மேசையில் கிடந்த போனில் ஒரு தமிழ் வரி வந்து நின்றது, அனுப்பவும் பட்டது.

"எப்படிம்மா?"

"தட்டத்தானே தெரியாது சார். காப்பி பண்ணி ஒட்டச் சொன்னேன்."

"ஒட்டுறதெல்லாம் எழுதுறதாகுமா? இது செல்லாது."

"சரி சார். காலையில ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்ல பொங்கல் கவிதை போட்டு, நானே எழுதினதுன்னு சொன்னீங்க. அடியில 'இப்படிக்கு, முத்துவேல் ஹார்டுவேர்ஸ்'னு இருந்துச்சே, அது செல்லுமா?"

நாலு பேருக்கு ஒரே நேரத்தில் இருமல் வந்தது. ரங்கபாஷ்யம் லீவு லெட்டரில் கையெழுத்துப் போட்டார்.

அதற்குள் மேசையில் கிடந்த அதே போனில் மெசேஜ் வந்த ஒலி கேட்டது. சோதனை வரியை அவள் வீட்டுக்காரர் நம்பருக்குத்தான் அனுப்பியிருந்தாள்: "அம்மா நாளைக்கு வரேன் கண்ணு."

மகளிடமிருந்து பதில்: "தீபாவளிக்கும் இதையேதான் சொன்ன."

புரோகிராமை மூடிவிட்டு, செண்பகவல்லி போனைக் கையில் எடுத்தாள். ஒவ்வொரு எழுத்தாகத் தன் விரலாலேயே தட்டினாள்: "பஸ் ஏறப் போறேன்."