கையை எடுத்த பிறகு

பிரசவ வார்டு நர்ஸ் சிஸ்டர் அமலோற்பவத்துக்கு முப்பத்திரண்டு வயசு. அவரிடம் கற்றுக்கொள்ள வந்த இன்ஜினியர் குலசேகரனுக்கு ஐம்பத்தொன்று. வயசு கிடக்கட்டும், தெரிந்தவர்தானே குரு!

பிறந்த குழந்தையின் மஞ்சள் காமாலையை ஊசி குத்தாமல், நெற்றியில் ஒளி பாய்ச்சி அளக்க ஒரு கருவி செய்திருந்தார் குலசேகரன். அதுவோ ஒரே பேச்சில் நிற்கவில்லை. குழந்தை தூங்கினால் ஒன்பது என்றது. அதே குழந்தை வீறிட்டுச் சிவந்தால் பதினாலு என்றது.

"இன்னிக்கும் ரத்தப் பரிசோதனையோட ஒத்துப்போகலன்னா மூட்டை கட்டிடுங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மூன்று நாளாகக் குதிகாலில் குத்துப்பட்ட குழந்தையை மடியில் வைத்திருந்தாள் தாய் ஜன்னத். "இன்னிக்குக் குத்துனதே கடைசியா இருக்கட்டும்யா" என்றாள்.

குலசேகரன் சிஸ்டரிடம் திரும்பினார். "சிஸ்டர், நீங்க மட்டும் எப்படி வெறும் கண்ணால கண்டுபிடிக்கிறீங்க?"

சிஸ்டர் அழுகிற குழந்தையின் நெற்றியில் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தார்.

"என்ன தெரிஞ்சுது சார்?"

"சிவப்பு."

"அதுக்கு முன்னால?"

குலசேகரன் நெற்றிக்கு அருகே குனிந்தார். சிஸ்டர் மறுபடி அழுத்தி எடுத்தார்.

"ஐயோ, மஞ்சள்! ரத்தம் விலகினதும் மஞ்சள் மட்டும் தெரியுது!"

அவர் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில் குழந்தையும் எழுந்து அழுதது. பச்சைக் குழந்தைக்கு வலிக்குமே என்று கருவியின் முனையைச் சுற்றி மெத்தென்று பஞ்சு வைத்தவரே அவர்தான்.

"நானே பஞ்சை வச்சு, அழுத்தம் விழாமக் கெடுத்துக்கிட்டேனே!"

பஞ்சைப் பிய்த்துப் போட்டார். முனையைத் துடைத்து, பதமாக அழுத்தி அளந்தார். அழும்போது பன்னிரண்டு. பால் குடிக்கும்போது பன்னிரண்டு. தூங்கியபோதும் பன்னிரண்டு!

பரிசோதனைச் சீட்டு வந்தது. அதிலும் பன்னிரண்டு! டாக்டர், "சரி, இனி குத்த வேண்டாம்" என்றார். ஜன்னத் சந்தோஷத்தில் அழுதே விட்டாள்.

குலசேகரனுக்குத் தலைகால் புரியவில்லை. இன்னொரு தரம் வைத்து அழுத்தினார். கருவியை எடுக்க மனசே வராமல் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பாழாப்போன ரத்தம்தான் சிஸ்டர், குறுக்க குறுக்க வந்து மூணு மாசமா என் பிராணனை வாங்கிடுச்சு!"

சிஸ்டர் அவர் கையை மெல்ல விலக்கினார். குழந்தையின் நெற்றியில் வெளிறிய வட்டம் ஒன்று தெரிந்தது. குனிந்து அதையே பார்த்தார். வட்டம் சிவந்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"அளந்தாச்சே, இன்னும் என்ன பார்த்தீங்க?"

"நீங்க திட்டினீங்களே, அந்த ரத்தம் உடனே திரும்பி வருதான்னு பார்த்தேன், அது ஓடினாத்தானே உசுரு. நான் எப்பவும் மொதல்ல பாக்குறது அதைத்தான் சார்."