குணசீலன் தேடிய உறுமல்

"இந்த பெடலும் சரியில்ல டீச்சர்," என்றார் குணசீலன்.

பியூலா டீச்சர் பன்னைப் பிட்டு டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"என்ன பண்ணுது?"

"கொசு மாதிரி கத்துது. எனக்கு வேண்டியது உறுமல்."

டிஸ்டார்ஷன் பெடல் என்பது காலால் மிதிக்கிற சின்ன இரும்புப் பெட்டி. மிதித்தால் சாதுவான கிட்டார் சத்தம் கரகரத்துக் கொந்தளித்து ஹெவி மெட்டல் பாட்டுக்குத் தோதாகிவிடும். பெட்டிக்குப் பெட்டி சத்தம் மாறும். குணசீலன் அநேகமாக எல்லாவற்றையும் மிதித்துப் பார்த்துவிட்டார். வாங்கியதையெல்லாம் வீட்டில் செருப்பு டப்பாக்களில் ஒளித்து வைத்திருந்தார்.

"உங்களுக்கு இருக்கிறது ரெண்டு கால்தானே," என்று டப்பாக்களை எண்ணிப் பார்த்த மனைவி கேட்டதோடு அந்த வழியும் அடைபட்டது.

டீச்சர் அவரைவிட ரொம்பச் சின்னவர். பெரம்பூரில் ஒரு பேக்கரிக்கு மேலே, மாடியறையில் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பேஸ் வாசிக்கிறார். பேஸ் என்றால் நாலே நாலு தடித்த கம்பிகளோடு அடிக்குரலில் பேசும் கிட்டார். ஆபீஸில் எல்லோரையும் அதட்டி வேலை வாங்கும் குணசீலன், இந்த மாடிப்படி ஏறியதும் கை கட்டிக்கொள்வார்.

"எந்த உறுமல் சார்?"

குணசீலன் பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்தார். கைக்குட்டையில் சுற்றியிருந்தது.

கல்லூரியில் கெமிஸ்ட்ரி லேபுக்குப் பக்கத்துக் காலி அறையில் பதிவு செய்தது. ஜன்னலில் டேப் ரெக்கார்டர். தோள்வரை முடி. கறுப்புச் சட்டைக்கு வழியில்லாமல் பேண்டிலிருந்த நாலு பேரும் வெள்ளைச் சட்டையைச் சாயத்தில் முக்கிப் போட்டுக்கொண்டார்கள். வியர்வையில் சாயம் இறங்கிக் கழுத்தெல்லாம் கறுப்பு.

"அப்ப வச்சிருந்த பெடல் எங்க?"

"மழையில நனைஞ்சு செத்துப்போச்சு. அதே பெடலைத் தேடிப் பிடிச்சு மறுபடி வாங்கினேன்."

"அதுவும்?"

"கொசுதான்."

டீச்சர் பன்னை வாயில் போட்டுக்கொண்டார்.

"அடுத்த மாசம் பழைய மாணவர் சந்திப்பு டீச்சர். மேடையில வாசிக்கிறோம். அந்தச் சத்தம் வரலைன்னா நான் ஏற மாட்டேன். ஒரு தடவை பட்ட அவமானம் போதும்."

"என்ன அவமானம்?"

"கடைசிப் போட்டி. எல்லாரும் எங்களுக்குத்தான் பரிசுன்னு நினைச்சாங்க. மேடையில என் சத்தம் சுத்தமா எடுபடல. பெடல் காலை வாரிடுச்சு. பேண்டும் உடைஞ்சுபோச்சு. அன்னிலேர்ந்து தேடறேன்."

டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டு கேசட்டைப் போட்டார்.

முதலில் ஜன்னல் காக்கை கத்தியது. யாரோ சிரித்தார்கள். பிறகு அந்த உறுமல் அறையை நிறைத்தது. மேசைமேல் டீ டம்ளர் லேசாக அதிர்ந்தது.

"இதுதான்," என்றார் குணசீலன்.

டீச்சர் கண்ணை மூடிக் கேட்டார். ரீவைண்ட் செய்து மறுபடி கேட்டார்.

"பேஸ் யாரு?"

"கிளெமென்ட்னு ஒருத்தன்."

"போட்டியிலயும் அவர்தானே வாசிச்சார்?"

குணசீலன் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"வாசிச்சான். ஆனா பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அவன் ஆம்ப்ளிஃபயர்ல வால்யூமைக் கொஞ்சம் இறக்கிட்டேன். என் கிட்டாரை அமுக்கிடுவானோன்னு பயம். நான் திருகினதை அவன் பார்த்துட்டான்."

"சண்டை போட்டாரா?"

"ஒரு வார்த்தை பேசல. பாட்டு முடிஞ்சதும் பேஸை உறையில போட்டு ஜிப்பை இழுத்துட்டுப் போனவன்தான்."

"அடுத்த மாசம் பேஸ் யாரு?"

"வேணாம்னு விட்டுட்டோம். பேஸ் யார் காதுல விழப்போகுது."

டீச்சர் மிச்ச டீயைக் குடித்து முடித்தார்.

"வாசிங்க சார்."

"எந்த பெடல்ல?"

"கொசுவுல."

குணசீலனுக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் கிட்டாரை மாட்டிக்கொண்டு, ஆம்ப்பில் செருகி, பெடலை மிதித்தார். டீச்சர் சொன்னபடி சுவரைப் பார்த்து நின்று அந்தப் பழைய பாட்டை ஆரம்பித்தார். கொசு கத்தியது. கீழே பேக்கரியில் ஒருவர் "ஐயோ" என்றது தெளிவாகக் கேட்டது.

"நிறுத்தாதீங்க."

வாசித்தார். முதுகுக்குப் பின்னால் ஏதோ உரசியது. ஏதோ ஸ்விட்ச் விழுந்தது.

உறுமல் வந்தது.

தரை வழியாக ஏறி முழங்காலுக்கு வந்தது. வயிற்றுக்கு வந்தது. சாய நாற்றம்கூட அடித்தது போலிருந்தது. குணசீலன் அழுகையும் சிரிப்புமாக வாசித்தார். கடைசியில் பெடலுக்கு நல்ல புத்தி வந்துவிட்டது என்று நினைத்துக் குனிந்து பார்த்தார். திருகுகள் வைத்தது வைத்தபடி இருந்தன.

திரும்பினார்.

டீச்சர் தோளில் பேஸ் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் கம்பியிலிருந்து கையை எடுத்தார்.

கொசு.

கையை வைத்தார்.

உறுமல்.

குணசீலன் வாசிப்பதை நிறுத்திவிட்டார். பெடலைக் காலால் ஓரம் தள்ளினார். பிறகு கெஞ்சலாகக் கேட்டார்:

"டீச்சர், அன்னிக்கு நீங்க எங்ககூட வாசிக்கிறீங்களா?"

டீச்சர் பேஸைச் சுவரில் மாட்டினார்.

"எனக்கு அந்தப் பாட்டு தெரியாதே."

"இப்ப வாசிச்சீங்க."

"கேசட்ல இருக்கிறவர் வாசிச்சதை வாசிச்சேன்."

காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டார்.

கிளெமென்டின் நம்பர் குணசீலனின் போனில் ரொம்ப நாளாக இருந்தது. பேண்டில் பாடிய ஜாஃபர் எப்போதோ அனுப்பியது. ஒருநாளும் அடித்ததில்லை. இப்போது அடித்தார்.

"யாரு?"

"குணா."

அந்தப் பக்கம் மின்விசிறியை நிறுத்தும் சத்தம் கேட்டது.

"கிளெமென்ட், அந்தப் போட்டியில உன் வால்யூமை..."

"தெரியும்டா. நான் பார்த்துட்டுதானே இருந்தேன்."

கிளெமென்டே தொடர்ந்து கேட்டான்:

"இன்னும் பெடல் வாங்கிட்டே இருக்கியாமே. ஜாஃபர் சொன்னான். சத்தம் கிடைச்சுதா இல்லியா?"

"கிடைச்சுது."

"எதுல?"

"நீதான் எடுத்துட்டு வரணும்."

அந்தப் பக்கம் ஒரு கட்டில் நகர்ந்தது. எதையோ தரையில் இழுக்கும் சத்தம். தூசிக்கு இரண்டு தும்மல். இறுகிப்போன ஒரு ஜிப், நின்று நின்று திறந்தது.

"நாலு கம்பியும் மாத்தணும்டா," என்றான் கிளெமென்ட்.