யாருக்காகக் காத்திருப்பீங்க?

அம்பலவாணன் முப்பத்திரண்டு வருடம் சர்வேயராக இருந்தவர். ஓய்வு பெற்றதும் நாணல்படுகைக்கு வந்து, தயாபரி அம்மையின் மடத்தில் சீடராகச் சேர்ந்தார். குரு அவரைவிடப் பதினைந்து வயது இளையவர்.

ஆற்றங்கரையில் மூன்று தெருக்கள், அறுபத்து மூன்று வீடுகள். போன வருட வெள்ளத்தில் நான்கு பேர் போய்விட்டார்கள். அது அவர் நெஞ்சில் முள்ளாய்த் தைத்திருந்தது. ஒரு மாதம் உட்கார்ந்து பெரிய வரைபடம் ஒன்று போட்டார். எங்கே பள்ளம், எந்தச் சந்தில் திரும்ப வேண்டும், மேட்டுப் பள்ளிக்கூடம் எத்தனை அடி தூரம், எல்லாம் அதில் இருந்தது.

குருவின் முன்னால் விரித்தார்.

"அம்மா, இனிமே ஒரு உயிர்கூடப் போகாது. சரியா இருக்கான்னு பாருங்க."

அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு படத்தை நிதானமாகப் பார்த்தார்.

"செத்துப்போன நாலு பேர்ல யாருக்குப் பள்ளிக்கூடத்துக்கு வழி தெரியாது?"

நால்வரும் இந்த ஊரிலேயே பிறந்தவர்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்.

"எல்லாருக்கும் தெரியும்மா."

"அப்போ வீடு வீடாப் போங்க. ஒரே ஒரு கேள்வி கேளுங்க. தண்ணி வந்தா யாருக்காகக் காத்திருப்பீங்கன்னு."

ஒன்பது நாள் அலைந்தார். ஒருத்தி மில்லிலிருந்து வரும் மகளுக்காகக் காத்திருப்பாளாம். ஒருவர் கொல்லையில் கட்டிய பசுவுக்காக. செண்பகவல்லி தன் கணவனைக் காட்டினாள். பஸ் கண்டக்டராக இருந்த மாணிக்கவேல், வாதம் வந்து ஒரு பக்கக் கையும் காலும் பேச்சும் போய்க் கட்டிலில் கிடந்தார்.

"இவர விட்டுட்டு எங்கய்யா போவேன்? என்னால தூக்கவும் முடியாது."

தச்சர் தேசிங்கு மட்டும் சிரித்தார். "எனக்கு யாரும் இல்ல. எனக்காக நிக்கிறவங்களும் இல்ல." கதவைச் சாத்திக்கொண்டார்.

அம்பலவாணன் மடத்துக்கு வந்து தேசிங்கு சொன்னதை வருத்தத்தோடு சொன்னார்.

"அந்த ஒரு வீட்டுக்கு என்னம்மா செய்யறது?"

"அவர்கிட்ட என்ன இருக்கு?"

"மரம் ஏத்துற தள்ளுவண்டி ஒண்ணு. அப்புறம் அந்தப் புஜம்."

அம்மை அன்றைய கீரையை ஆய உட்கார்ந்தார்.

அம்பலவாணன் விடுவிடுவென்று தேசிங்குவின் வீட்டுக்கு நடந்து கதவைத் தட்டினார்.

"உங்க வண்டியில மாணிக்கவேலை ஏத்த முடியுமா?"

மறுநாள் தேசிங்கு வண்டியில் மெத்தை போட்டு, மூன்று பக்கமும் பலகை அடித்திருந்தார்.

அதன்பிறகு அம்பலவாணன் வேறு படம் போட்டார். அதில் அம்புக்குறி இல்லை. எந்த வீடு எந்த வீட்டைக் கூப்பிட வேண்டும், பசுவை யார் அவிழ்ப்பது, மில் வாசலில் யார் நிற்பது, அவ்வளவுதான். மழைக்காலம் வரும்வரை வாரம் ஒருமுறை எல்லோரும் நடந்து பார்த்தார்கள்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் அணை திறந்தார்கள். ஒலிபெருக்கி அறிவிப்பு முடிவதற்குள் தெருவில் ஆள் நடமாட்டம் தொடங்கிவிட்டது. தேசிங்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். மாணிக்கவேல் நல்ல கையால் சட்டைப்பையைத் துழாவி, பழைய கண்டக்டர் விசிலை எடுத்து வாயில் வைத்தார். பீ...ப்! தெருவே சிரித்தது.

"போலாம் ரைட்!" என்று யாரோ கத்தினார்கள். வண்டி கிளம்பியது, பின்னாலேயே ஜனம்.

அம்பலவாணன் மட்டும் கையில் வீட்டுப் பட்டியலோடு கடைசித் தெருவுக்கு ஓடினார். முழங்கால் தண்ணீர். ஒவ்வொரு கதவாகத் தட்டினார். எல்லாம் காலி. திரும்பினால், மடத்தின் பக்கத்து வீட்டு ஜமீலா தூணைப் பிடித்தபடி நிற்கிறாள்.

"நீ இன்னும் போகலையாம்மா?"

"உங்களுக்காகத்தான் நிக்கிறேன். நீங்க எல்லார் வீட்டுலயும் கேட்டீங்க. உங்கள யார் கேட்டா? கையக் குடுங்க."

பட்டியலைக் கக்கத்தில் இடுக்கினார். கையைக் கொடுத்தார்.

பள்ளிக்கூடத்தில் தலை எண்ணினார்கள். அறுபத்து மூன்று வீடும் வந்திருந்தது. பசுவும் கன்றும் வந்திருந்தன. கூடம் அதிரக் கைதட்டினார்கள். மாணிக்கவேல் விசிலை விடவே இல்லை.

சாயங்காலம் அதிகாரி ஒருவர் மீட்புப் படகில் வந்தார். மூன்று தெருவிலும் தேடி ஆளே இல்லாமல் திகைத்து மேட்டுக்கு ஏறி வந்திருந்தார்.

"இத்தனை பேரையும் யார் கூட்டிட்டு வந்தது? பேர் சொல்லுங்க, மேலிடத்துக்கு எழுதணும்."

அம்பலவாணன் உள்ளே போனார். அம்மை பெரிய அண்டாவில் கஞ்சி துழாவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, வெளியில அதிகாரி கேக்கறார். யார் பேரைச் சொல்ல?"

அம்மை கரண்டியை நிறுத்தவில்லை.

"உள்ள வந்து ஜனங்களையே கேக்கச் சொல்லுங்க. ஆளுக்கொரு பேர் சொல்லுவாங்க. பெரிய நோட்டா எடுத்துட்டு வரட்டும்."