மீனுக்கு எழுதிய சார்ட்

எஸ்தர் சிஸ்டரின் காதில் முப்பத்தோரு வருடமாக ஒரு தட்டு விழுந்துகொண்டிருக்கிறது.

குழந்தைகள் வார்டு. மத்தியான நேரம். யாரோ கைதவறவிட்ட எவர்சில்வர் தட்டு சிமென்ட் தரையில் விழுந்து, சுழன்று சுழன்று, அடங்க மனசில்லாமல் அடங்கியது. சத்தம் வந்த பக்கம் எஸ்தர் திரும்பினார். அவ்வளவுதான். மறுபடி இந்தப் பக்கம் திரும்பியபோது ஆறாம் நம்பர் கட்டிலில் இருந்த குழந்தையின் மூச்சு நின்றிருந்தது.

யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. பிழைக்காது என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். ஆனாலும் அன்றிலிருந்து சீரியஸ் கேஸ் என்றால் எஸ்தர் கண்ணை எடுத்ததில்லை. கட்டில் விளக்கை அணைக்க விட்டதுமில்லை.

ரிடையரான அன்று வார்டுப் பெண்கள் ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டியும் அதற்குள் ஒரு ஃபைட்டர் மீனும் வாங்கிக் கொடுத்தார்கள். கருநீல உடம்பு, சிவப்புச் செட்டை, விசிறி மாதிரி வால். தண்ணீரில் கிடைத்த பிள்ளை என்று எஸ்தர் அதற்கு மோசே என்று பெயர் வைத்தார்.

"இனிமே இவன்தான் சிஸ்டர் உங்க பேஷண்ட்" என்று சிரித்தார்கள்.

ஐந்தாம் வாரம் அது நிஜமாகிவிட்டது.

மோசே சாப்பிடவில்லை. வால் ஓரம் கிழிந்து நூல் நூலாகத் தொங்கியது. கீழே கூழாங்கல்லின் மேல் சாய்ந்து கிடந்தான்.

கீழ் வீட்டுக்காரர் கல்லுப்பு போடச் சொன்னார். எஸ்தர் போட்டார். போனில் ஒரு வீடியோ, உப்பு இந்த மீனுக்கு ஆகவே ஆகாது என்றது. போட்ட உப்பை எடுக்கவா முடியும்? தண்ணீரை முழுக்கக் கொட்டிவிட்டுப் புதுசு ஊற்றினார். முழுத் தண்ணீரையும் மாற்றினால் மீன் தாங்காது என்றது அடுத்த வீடியோ. பாதாம் இலை போட்டால் தண்ணீர் டீ போல ஆயிற்று. நீல மருந்து ஊற்றியதும் மீனே தெரியவில்லை. தெரியவில்லையென்று அதையும் கொட்டினார்.

நெற்றியில் கைவைத்துப் பார்க்க நெற்றி இல்லை. நாடி பிடிக்கக் கை இல்லை. எங்கே வலிக்கிறது என்று கேட்டால் சொல்ல வாய் மட்டும் இருந்தது. அது திறந்து திறந்து மூடியது.

முப்பத்தெட்டு வருடம் புது நர்சுகளுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர், அறுபதாவது வயதில், கொளத்தூரில் ஒரு மீன் கடை வாசலில் பாடம் கேட்கப் போய் நின்றார்.

கடைக்காரி நூர்ஜகானுக்கு முப்பத்திரண்டு வயசு. அதிகம் பேசாதவள். சுவரோரம் பலகைகளில் வரிசையாகப் பாட்டில்கள். பாட்டிலுக்கு ஒரு ஃபைட்டர். ஒவ்வொரு பாட்டிலுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு அட்டைத் துண்டு செருகியிருந்தது.

"அட்டை எதுக்கும்மா?"

"ஒண்ணை ஒண்ணு பார்த்துச்சுன்னா விடாது. செட்டையை விரிச்சுக்கிட்டு முட்டிக்கிட்டே நிக்கும். தின்னாது, தூங்காது."

"என் மீன் தனியாத்தான் இருக்கான்."

"அப்படியா?" என்றாள் நூர்ஜகான்.

எஸ்தர் பையிலிருந்து நாலு தாள்களை எடுத்து நீட்டினார். கட்டம் போட்டு, நீல மையில், மணிவாரியாக எழுதியது. நூர்ஜகான் வாங்கி முதலில் சிரித்தாள்.

"மீனுக்கு சார்ட் போட்ட மொத ஆள் நீங்கதான் சிஸ்டர். என்ன இது, மூச்செல்லாம் எண்ணியிருக்கீங்க!"

"கிண்டல் பண்ணாம படிம்மா."

அவள் படித்தாள். இரண்டாம் தாளில் ஓர் இடத்தில் விரல் நின்றது. *இரவு இரண்டு மணி. செட்டையை நன்றாக விரித்தான். நல்ல அறிகுறி.* அடுத்த வரி. *மூன்று மணி. மறுபடி விரித்தான். நல்ல அறிகுறி.*

"ரெண்டு மணிக்கு இருட்டுல எப்படித் தெரிஞ்சது?"

"இருட்டு ஏது? நான் விளக்கை அணைக்கிறதே இல்லையே."

நூர்ஜகான் தாள்களை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். "சாயந்தரம் வீட்டுக்கு வரேன்."

"மருந்து?"

"ஊத்தின வரைக்கும் போதும்."

எஸ்தருக்கு ஒன்றும் புரியவில்லை. மருந்து தராதவளை நம்பி ஒரு நோயாளியை எப்படி விடுவது?

ஆறரை மணிக்கு அவள் வந்தாள். தொட்டியின் தலைமாட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் நாற்காலி, நாற்காலியில் தலையணை. அவள் எல்லாவற்றையும் பார்த்தாள். ஹால் ட்யூப்லைட்டைப் போட்டு ஜன்னலின் கண்ணாடிக் கதவைச் சாத்தினாள்.

"இங்க வாங்க. தெருவுல யாரு போறான்னு பாருங்க."

எஸ்தர் ஜன்னலருகே போனார். "எங்க தெரியுது? வெளிய இருட்டு."

"என்ன தெரியுது?"

"என் மூஞ்சிதான் தெரியுது."

"நீங்கன்றதால சும்மா இருக்கீங்க" என்றாள் நூர்ஜகான். "அவன் இருக்க மாட்டான்."

எஸ்தர் மெல்லத் திரும்பித் தொட்டியைப் பார்த்தார். மோசே எழுந்திருந்தான். கண்ணாடிக்கு நேராக நின்று, செவுளைப் புடைத்து, கிழிந்த செட்டை முழுவதையும் விரித்துக்கொண்டு நின்றான். எதிரே யாருமில்லை.

"நல்லாகிட்டு வரான்னு நெனச்சேன்" என்றார் எஸ்தர். பையிலிருந்து தாள்களை எடுத்துப் பார்த்தார். "நல்லாகிட்டு வரான்னு எழுதினேன்."

நூர்ஜகான் சார்ட்டுக்குக் கை நீட்டினாள்.

"இது எதுக்கு?"

"அட்டை எடுத்துட்டு வர மறந்துட்டேன்."

தாள்களைத் தொட்டியின் வெளிப்பக்கத்தில் சுற்றிலும் டேப் போட்டு ஒட்ட ஆரம்பித்தாள்.

"எழுதின பக்கம் உள்ளயா, வெளியயா?"

"அவனுக்குப் படிக்கத் தெரியாது, சிஸ்டர்."

பிறகு, பிடித்துவைத்த தண்ணீராக மூன்று நாளைக்கொரு முறை கால் பங்கு மட்டும் மாற்றச் சொன்னாள். ஊறிய இலை அப்படியே கிடக்கட்டும் என்றாள். சாப்பாடு பகலில் ஒரு தடவை, இரண்டே தீனி உருண்டை. சாப்பிடாவிட்டால் மிச்சத்தை எடுத்துவிடுவது. சொல்லிக்கொண்டே விளக்கின் மேல் கையை வைத்தாள்.

"அதை அணைக்காதே."

கை அங்கேயே நின்றது.

"அணைச்சுட்டா நான் எப்படிப் பாக்குறது?"

"பாக்க வேணாம்."

"நீ சின்னப் பொண்ணு. உனக்குத் தெரியாது." எஸ்தரின் குரல் வார்டில் புது நர்சை அதட்டுகிற குரலாக இருந்தது. உடனே அது உடைந்தது. "ஒரே ஒரு தடவைதான் திரும்பினேன். ஒரு தட்டு விழுந்துச்சு. திரும்பினேன்."

நூர்ஜகான் என்ன தட்டு என்று கேட்கவில்லை.

"நான் பாக்காத நேரமாப் பார்த்து இவனும் போயிட்டா?"

விளக்கு அணைந்தது. நூர்ஜகான் ட்யூப்லைட்டையும் நிறுத்தினாள். ஜன்னலில் இருந்த முகம் மறைந்து தெரு தெரிந்தது. ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

"நீங்க பாத்துக்கிட்டு இருந்தப்ப யாருமே போனதில்லையா, சிஸ்டர்?"

எஸ்தரின் வாய் திறந்தது. மூடியது.

மோசே அதற்குப் பிறகு பதினோரு மாதம் இருந்தான். வால் முக்கால்வாசி வளர்ந்திருந்தது. அவன் போன காலையில் எஸ்தர் சிஸ்டர் மார்க்கெட்டில் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டிருந்தார்.